வகுப்பறையில் நாட்குறிப்பு: எழுத வைப்பதற்கும் பதில் எழுதுவதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பள்ளிகளில் பிள்ளைகள் நாள் முழுவதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கரும்பலகையில் இருப்பதை எழுதுகிறார்கள், வினா விடை எழுதுகிறார்கள், கட்டுரை நோட்டில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் பிரித்து எழுதுகிறார்கள். அத்தனை எழுத்திலும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமான வரி ஒன்றைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பென்னாகரத்து மாணவனும் ஓசூர் மாணவியும் எழுதிய 'மழைநீர் சேகரிப்பு' கட்டுரைகளின் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது. தான் பார்த்ததையும் நினைத்ததையும் புரியாமல் விட்டதையும் தன் சொல்லில் எழுத ஓர் இடம் வேண்டும். அதை ஒருவர் அக்கறையோடு படித்துப் பதில் எழுதவும் வேண்டும். வகுப்பறை நாட்குறிப்பை இந்த இரண்டுக்காகவும்தான் தொடங்குகிறோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் பாலக்கோடு பக்கத்துத் தமிழாசிரியர். இங்கே பல வீடுகளில் அப்பா பெங்களூருவில் கட்டட வேலையில் இருப்பார். சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியலில் திரும்பிவிடுவார். அம்மா கம்பெனி வேனில் ஏறும்போது பிள்ளை இன்னும் எழுந்திருக்காது. 'இன்று பள்ளியில் என்ன நடந்தது?' என்று கேட்க ஆள் இல்லாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். நோட்டில் வரும் இரண்டு வரிப் பதிலுக்காக அவர்கள் காத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் இதை விடாமல் செய்கிறேன்.

முதல் படி: நோட்டும் அதை வைக்கும் இடமும்

நாற்பது பக்க நோட்டு போதும். பெரிய நோட்டு முடியவே முடியாது. பாதியில் கைவிடப்பட்ட நோட்டு பிள்ளையின் மனதையும் பாதியில் நிறுத்திவிடும். மெல்லிய நோட்டு ஒரு பருவத்திற்குள் தீர்ந்துவிடும். 'டீச்சர், நோட்டு முடிந்துவிட்டது' என்று கொண்டுவந்து நீட்டும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அட்டையில் பெயரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். பாடத்தின் பெயர், பள்ளியின் பெயர் எல்லாம் எழுதினால் அதுவும் இன்னொரு பாட நோட்டாகிவிடும்.

நோட்டு வீட்டிற்குப் போகக் கூடாது. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் பிள்ளைக்கென்று மறைவான இடம் கிடையாது. அண்ணன் எடுத்துப் படித்துச் சிரித்தால் மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை 'இன்று நன்றாக இருந்தது' என்று மட்டுமே எழுதும். வகுப்பறை பீரோவில் அல்லது ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டி வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் கேட்டால் உங்கள் சொந்த நாட்குறிப்பைக் காட்டி முறையை விளக்குங்கள். பிள்ளைகளின் நோட்டைக் காட்ட வேண்டாம். இதைத் தலைமையாசிரியரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இடையில் குடும்பத்தோடு செங்கல் சூளைக்கோ பெங்களூருவுக்கோ போகும் பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு. புதிய நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, 'அங்கே பார்ப்பதை எழுதி வை, திரும்பி வந்ததும் படிக்கிறேன்' என்று சொல்லி அனுப்புங்கள். பள்ளியோடு இருக்கும் கயிறு அறாமல் இருக்க அது ஒரு வழி.

இரண்டாம் படி: நேரம்

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். தினமும் என்று ஆரம்பித்தால் ஆகஸ்ட் மாதம் காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது நின்றுபோகும். முதல் பாடவேளை வேண்டாம்; வருகைப் பதிவு, அறிவிப்பு, தாமதமாக வரும் பஸ் என்று அந்த நேரம் கரைந்துவிடும். மதிய உணவுக்குப் பிறகான பாடவேளையின் முதல் பத்து நிமிடம் எனக்குப் பொருத்தமாகப் பட்டது. விளையாடிவிட்டு மூச்சு வாங்க வந்து உட்காரும் வகுப்பு, எழுதத் தொடங்கியதும் தானாக அடங்கும். திங்கட்கிழமையை மட்டும் தவறவிடாதீர்கள். அப்பா வந்து போன வீட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிறைய நடந்திருக்கும்.

அந்தப் பத்து நிமிடமும் ஆசிரியரும் உட்கார்ந்து எழுத வேண்டும். பதிவேடு திருத்துவது, நடந்துகொண்டே எட்டிப் பார்ப்பது எல்லாம் கூடாது. டீச்சரும் யோசித்து, அடித்து, மீண்டும் எழுதுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

மூன்றாம் படி: முதல் நாள் தரும் வாக்குறுதி

எழுதத் தொடங்கும் முன் இவற்றைக் கரும்பலகையில் எழுதி விளக்குங்கள்:

இந்த நோட்டுக்கு மதிப்பெண் கிடையாது. பிழைக்காக யாரும் திட்டு வாங்கமாட்டார்கள்.

நீங்கள் எழுதுவதை நான் மட்டும்தான் படிப்பேன். நான் படிக்க வேண்டாம் என்றால் பக்கத்தை மடித்து வையுங்கள், பிரிக்கமாட்டேன்.

உங்களில் ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன். அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று மொத்தமாக வாக்குக் கொடுக்காதீர்கள். சட்டப்படி அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாத நாள் வரலாம்; அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். மடித்த பக்கத்தைப் பொறுத்தவரை, ஒரே ஒரு முறை பிரித்துவிட்டீர்கள் என்று தெரிந்தாலும் வகுப்பு முழுவதும் மூடிக்கொள்ளும். பிரிக்காமல் திருப்பித் தந்தீர்கள் என்று தெரிந்தால் அடுத்த மாதம் மடிப்புகள் தாமாகவே குறையும்.

நான்காம் படி: எழுத வராதவர்களை எப்படிச் சேர்ப்பது

ஆறாம் வகுப்பிலேயே முழு வாக்கியம் எழுதத் திணறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை 'முயற்சி செய்' என்று விட்டுவிட்டால் பத்து நிமிடமும் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். படம் வரைந்து கீழே ஒரு சொல் எழுதட்டும். அல்லது அன்று பார்த்த பொருள்களைப் பட்டியலாக எழுதட்டும்: ஆடு, டிராக்டர், தக்காளிக் கூடை, மாமா. அந்தப் பட்டியலில் ஒன்றைப் பிடித்து 'டிராக்டரை யார் ஓட்டினார்?' என்று நீங்கள் எழுதிக் கேட்டால், அடுத்த முறை 'மாமா ஓட்டினார்' என்று இரண்டு சொல் வரும். வாக்கியம் பிறப்பது இப்படித்தான். வேண்டுமானால் வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் கொடுங்கள்: 'இன்று வழியில் பார்த்தது...', 'எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால்...', 'வீட்டில் இப்போது...'.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் பிள்ளைகள். தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் வீட்டுச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதட்டும். பாட்டி சொன்னதைப் பாட்டியின் மொழியிலேயே எழுதினால் அது உயிரோடு இருக்கும். பொருள் புரியவில்லை என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நோட்டிலேயே கேளுங்கள். ஆசிரியருக்குத் தெரியாத ஒன்றைத் தான் சொல்லித் தருகிறோம் என்பது பின்வரிசைப் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை.

ஐந்தாம் படி: எதைப் பற்றி எழுதச் சொல்வது

'என் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தால் 'என் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர்' என்றுதான் வரும். தலைப்பு அகலமாக இருந்தால் பிள்ளை மனப்பாடத்திற்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு நாள், ஒரு பொருள், ஓர் ஆள் என்று கேள்வியைச் சுருக்குங்கள். கண்ணால் பார்த்தால்தான் பதில் எழுத முடியும் என்ற நிலையில் கேளுங்கள்.

நம் இரு மாவட்டங்களிலும் ஆண்டு முழுவதும் எழுத விஷயம் விளைந்துகொண்டே இருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது மாங்காய் சீசன். தோப்புக் காவலுக்குப் போன பிள்ளையும், அறுவடைக் கூலிக்குப் போன பிள்ளையும், மாங்கூழ் தொழிற்சாலை வாசலில் லாரி வரிசையைப் பார்த்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். 'கோடை விடுமுறையை எப்படிக் கழித்தாய்?' என்று கேட்காமல், 'மாங்காய் பறிக்கும்போது மரத்தின் மேல் இருப்பவரும் கீழே இருப்பவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள்?' என்று கேளுங்கள். 'பெங்களூரா மாம்பழத்துக்கும் செந்தூரா மாம்பழத்துக்கும் வாசனையில் என்ன வேறுபாடு? கண்ணை மூடினால் சொல்ல முடியுமா?' என்று கேளுங்கள். தின்று வளர்ந்த பிள்ளைக்கு இதில் எழுத ஒரு பக்கம் போதாது.

ஆடிப்பெருக்கு முடிந்ததும் ஒகேனக்கல் போய்வந்தவர்களிடம் அருவியைப் பற்றிக் கேட்க வேண்டாம். அதைத்தான் எல்லாரும் எழுதுவார்கள். பரிசல்காரரைப் பற்றி, அங்கே மீன் வறுத்து விற்பவரைப் பற்றி, திரும்பும் பஸ்ஸில் இடம் பிடித்ததைப் பற்றிக் கேளுங்கள். பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை எழுதுவதற்கு நல்ல பொருள். விலை சரிந்து, பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டும் வாரங்களில், 'வீட்டில் இன்று தக்காளியைப் பற்றி என்ன பேசினார்கள்?' என்று கேட்டால் பொருளாதாரப் பாடமே எழுந்து வரும். அறுவடைக் காலத்தில் கேழ்வரகு விளைந்து நிற்கும்போது பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைகள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கும். அந்த ஊர்களில் 'நேற்று இரவு என்ன சத்தம் கேட்டாய்?' என்ற கேள்வி போதும். தை மாதம் எருது விடும் விழா. மாசி, பங்குனியில் வீட்டுத் திண்ணையில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை. அதில் பிள்ளைகளின் கையும் இருக்கும். 'புளி தட்டும்போது பெரியவர்கள் சொல்லும் கதை ஒன்று' என்று கேட்டுப் பாருங்கள். ஊரில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் தூக்கம் சொக்க வரும் பிள்ளையைத் திட்டாமல், இரவு எந்த வேடம் பிடித்தது, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் கேள்வியே இல்லாமல் விட்டுவிடுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நாளில்தான் முக்கியமானவை வெளியே வரும்.

ஆறாம் படி: பதில்

எழுத வைப்பது சுலபம், முழுப் பலனும் பதிலில் இருக்கிறது. பதில் வராத நாட்குறிப்பு சில வாரங்களில் செத்துவிடும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் லெஸ்லி ரீட் என்ற ஆறாம் வகுப்பு ஆசிரியை தம் மாணவர்களோடு இப்படி எழுத்தில் உரையாடிவந்தார். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜனா ஸ்டேட்டன் என்ற ஆய்வாளர் அந்த நோட்டுகளை ஆராய்ந்த பிறகுதான் 'உரையாடல் நாட்குறிப்பு' முறை உலகெங்கும் பேசப்பட்டது. அந்த முறையின் உயிர்நாடி, ஆசிரியர் திருத்துபவராக இல்லாமல் எழுதிப் பேசும் இன்னோர் ஆளாக இருப்பது.

சிவப்புப் பேனாவைத் தொடாதீர்கள். 'நன்று', 'மிக நன்று' என்றும் எழுத வேண்டாம், அவையும் மதிப்பெண்தான். பிள்ளை எழுதிய விஷயத்திற்குப் பதில் சொல்லி, ஒரு கேள்வி கேளுங்கள். அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏழாம் வகுப்பு மாணவன் எழுதுகிறான்: 'எங்கள் மாடு கண்று போட்டது. அப்பா ஊரில் இல்லை. நானும் பாட்டியும் பார்த்துகொண்டோம்.' இரண்டு பிழைகள் இருக்கின்றன. அடிக்கோடு போட்டால் பையன் அடுத்த முறை மாட்டைப் பற்றி எழுதமாட்டான். இப்படி எழுதுங்கள்: 'கன்று காளையா, கிடாரியா? அப்பா இல்லாமல் நீயும் பாட்டியும் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? பயமாக இருந்ததா?' சரியான எழுத்து உங்கள் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. பதில் எழுத அவன் உங்கள் வரியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். 'கன்று' அவன் கைக்கு வந்துவிடும். பலருக்கும் வரும் பிழை என்றால் அதை இலக்கண வகுப்பில் பொதுவாக எடுத்துச் சொல்லுங்கள், யாருடைய நோட்டையும் சுட்டாமல்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு எட்டு நோட்டு எடுத்தால் ஐந்து வேலை நாளில் நாற்பதும் முடியும். நோட்டுக்கு இரண்டரை நிமிடம் என்றால் நாளுக்கு இருபது நிமிடம். மூன்று வகுப்புகளில் தொடங்க வேண்டாம். ஒரு வகுப்பில் ஒழுங்காகச் செய்யுங்கள். எல்லா நாளின் குறிப்புக்கும் பதில் எழுத வேண்டியதில்லை, வாரத்தில் எழுதியவற்றில் ஒன்றுக்குப் போதும். ஆனால் முறை வைத்த நாளில் அந்தப் பிள்ளைக்குப் பதில் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும்.

ஏழாம் படி: அதே நோட்டைப் படிப்புக்கும் பயன்படுத்துவது

நோட்டின் பின்பக்கத்திலிருந்து கற்றல் குறிப்பு எழுதச் சொல்லலாம். கணக்கு, அறிவியல் வகுப்பு முடியும் முன் மூன்று நிமிடம்: இன்று புரிந்தது என்ன, எந்த இடத்தில் விட்டுப்போனது. 'எல்லாம் புரிந்தது' என்ற பதிலை ஏற்காதீர்கள். 'இதை ஐந்தாம் வகுப்பில் படிக்கும் உன் தங்கைக்கு எப்படிச் சொல்வாய்?' என்று கேளுங்கள். விளக்கத் தொடங்கியதும் ஓட்டை எங்கே என்று பிள்ளைக்கே தெரியும். நீரில் ஃபுளோரைடு பற்றிய பாடம் வந்தால், நம் பக்கத்துப் பெரியவர்கள் சிலரின் பல்லில் இருக்கும் கறையையும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது என்பதையும் வீட்டில் கேட்டுவந்து எழுதச் சொல்லலாம்.

தேர்வு பயத்திற்கும் இது உதவும் என்பார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை எழுதிய மாணவர்கள் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் 2018இல் வெளியான மறு ஆய்வில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே மதிப்பெண் கூடும் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம். விரும்புகிறவர்கள் ஒரு தாளில் எழுதட்டும். அதை வாங்கிப் படிக்க வேண்டாம், அவர்களே கிழித்துப் போடட்டும்.

எட்டாம் படி: நோட்டில் வலி வந்தால்

'உன் வாழ்வின் மிகச் சோகமான நாள்' என்ற தலைப்பை ஒருபோதும் கொடுக்காதீர்கள். துயரத்தை எழுதுவதால் வரும் நன்மையை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். அவரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களின் மனம் முன்பைவிடக் கலங்கியிருந்தது. அவர்கள் வளர்ந்தவர்கள். பதினொரு வயதுப் பிள்ளையைப் பத்து நிமிடம் எழுத வைத்துக் கலங்கடித்துவிட்டு, மணி அடித்ததும் கணக்கு வகுப்புக்கு அனுப்ப நமக்கு உரிமை இல்லை. தானாக எழுதினால் ஏற்றுக்கொள்ளுங்கள், தோண்டாதீர்கள்.

வீட்டில் குடித்துவிட்டுச் சண்டை, அம்மாவின் அழுகை, கடன்காரர் வந்து நின்றது என்றெல்லாம் வரும். இவற்றுக்கு அறிவுரை தேவையில்லை. 'இதை என்னிடம் சொன்னது நல்லது. நாளை உணவு இடைவேளையில் பேசலாமா?' என்று எழுதினால் போதும்.

சில வரிகள் வேறு வகை. தன்னை யாரோ தவறாகத் தொட்டதாக எழுதினால் அது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்திற்கு உட்பட்டது. 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவுப்படி தண்டனைக்குரியது. பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. நம் மாவட்டங்களில் இன்னும் நிற்காத மற்றொன்று குழந்தைத் திருமணம். 'அத்தை வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், லீவு முடிந்து வரமாட்டேன்' என்று எட்டாம் வகுப்பு மாணவி எழுதியிருந்தால் அன்றே செயல்பட வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. நாள் முழுவதும் இயங்குகிறது. மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417.

இந்த நேரங்களில் செய்ய வேண்டியது: முதலில் பிள்ளையிடம் தனியாக, ஆனால் பிறர் கண்ணில் படும் இடத்தில் பேசுங்கள். என்ன நடந்தது என்று குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். பிள்ளை சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொண்டு, யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். நோட்டில் பதில் எழுத வேண்டாம். பக்கத்தைப் படம் எடுத்து எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. ஆபத்து வீட்டிலேயே இருந்தால் பெற்றோரை முதலில் அழைப்பது பிள்ளையை மாட்டிவிடுவதாகும்.

ஒன்பதாம் படி: வெளியே கொண்டுவருவதும் திருப்பித் தருவதும்

அழகாக எழுதிய ஒரு குறிப்பைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட ஆசை வரும். பிள்ளையைக் கேட்காமல் செய்யாதீர்கள். கேட்கும்போதும் 'வேண்டாம்' என்று சொல்ல இடம் கொடுத்துக் கேளுங்கள். சம்மதித்தால் அந்தக் குறிப்பை வேறு தாளில் செப்பமாக எழுதச் சொல்லுங்கள். பிழை திருத்தம் இப்போது பொருத்தமானது, ஏனென்றால் இது ஊர் படிக்கப்போகும் எழுத்து. வகுப்புச் சுவரிதழில் ஒட்டலாம். பள்ளிக் கல்வித்துறை நடத்தும் 'தேன்சிட்டு' இதழுக்கு அனுப்பலாம்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க ஜூன் மாதப் பக்கத்தையும் டிசம்பர் மாதப் பக்கத்தையும் பிள்ளையின் கையில் கொடுத்து, என்ன மாறியிருக்கிறது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். பக்கத்தின் நீளத்தைவிட, மரம் என்று எழுதியவர் புளியமரம் என்று எழுதத் தொடங்கியிருக்கிறாரா, உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். 'டீச்சர், நீங்கள் சின்ன வயதில் மாடு மேய்த்தீர்களா?' என்று கேட்ட மாணவிக்கு நான் ஒரு முழுப் பக்கம் பதில் எழுதினேன்.

ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் நோட்டுகள் பிள்ளைகளுக்குத்தான். நோட்டை முழுதாக வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பாதவர்கள் சில பக்கங்களைக் கிழித்துவிட்டு எடுத்துச் செல்லட்டும். மொத்தமாக வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே கிழித்துவிடுங்கள். நடுவில் உங்களுக்கு இடமாறுதல் வந்தால் ஒவ்வொரு நோட்டிலும் நீங்களே அதை எழுதித் தெரிவியுங்கள். புதிய ஆசிரியரிடம் நோட்டை ஒப்படைக்கலாமா என்று ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கேளுங்கள். மறுப்பவர்களின் நோட்டை அன்றே அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பீரோ சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.